தப்பான பதிலுக்கு ஒரு பெண்

எங்கள் கட்டிடத்தில் முதல் மாடி வீட்டுப் பெண்ணை எல்லோரும் 'அப்படியில்லையா' என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வயது, ரெட்டைப் பின்னல், மனசில் ஓடுவதை மறைக்கத் தெரியாத முகம். அந்த முகம்தான் அவளுக்கு வினையாகப் போனது.

அவளுடைய சித்தப்பா பள்ளிக்கூடங்களுக்கு அறிவியல் படம் எடுப்பவர். எங்கள் தெருவில் படக்காரர் என்றால் அவர்தான். ஒவ்வொன்றும் ஒரு கால் மணி நேரம் ஓடும். வகுப்பில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டுக் காட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அறிவு வளரும், வாத்தியார்களுக்குத் தொண்டை ஆறும். படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வெள்ளைக் கோட்டு போட்ட அறிவியல் மாமா ஒரு கேள்வி கேட்பார். மாமா வேறு யார், படக்காரரேதான். கோட்டு நான் தைத்துக் கொடுத்தது. ஒரு பெண் முந்திக்கொண்டு தப்பாகப் பதில் சொல்வாள். ஒரு பையன் நிதானமாகச் சரியான பதில் சொல்வான். "கெட்டிக்காரன்!" என்று மாமா அவன் முதுகில் தட்டுவார். பெண் கண்ணை அகல விரித்து, "அப்ப அப்படி இல்லையா மாமா?" என்று கேட்பாள். அப்புறம் சோதனை, விளக்கம், சுபம்.

கெட்டிக்காரன் படக்காரருடைய சொந்தப் பையன். தப்பாகச் சொல்வது அண்ணன் பெண். விளக்கு எரிந்தால் 'மாமா', அணைந்தால் 'சித்தப்பா'.

இப்படியாக அந்தப் பெண் இதுவரை என்னென்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? திமிங்கலம் ஒரு மீன் என்றாள். கம்பளிக்குள்ளேயே சூடு இருக்கிறது என்றாள். செடி மண்ணைத் தின்று வளர்கிறது, கனமான கல் சீக்கிரமாக விழும், எல்லாம் அவள் சொன்னதுதான். நானும் இதையெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பையனுக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரிந்துவிடாது. பலகையில் பெரிய எழுத்தில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிப்பார்கள்; பார்த்துப் படிப்பான். அவனுக்கு இருப்பதே ஒரு முகம்தான், சரியான பதிலுக்கு அது போதும். தப்பான பதிலுக்குத்தான் முகம் வேண்டும். சந்தேகம், அசடு, ஆச்சரியம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். அது அவளுக்குத்தான் வந்தது. "அவ முகம்தான் என் படம்" என்று படக்காரரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நான் இருப்பது தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய அறையில். ஜன்னலோரம் தையல் மெஷின். போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிறார்கள். நானாகப் போய்ப் பார்ப்பதில்லை. மேலே பேசுவது கீழே கேட்கிறது என்றால் கட்டிடம் கட்டினவரைத்தான் கேட்க வேண்டும்.

பெண்ணின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நாக்கில் தராசு வைத்திருப்பவள், அளந்துதான் பேசுவாள். அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். அவர் அளந்துகூடப் பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயம். அவர்கள் கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அதை அடைத்தால் பட்டப்பகலில் இருட்டு. அதனால் தம்பி அங்கேதான் படம் எடுப்பார். அந்தக் கறுப்புத் திரையும் என் கைவேலைதான்.

விவகாரம் ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில். படங்கள் அவள் படிக்கும் வகுப்பிலேயே ஓடின. முதலில் பையன்கள் விளையாட்டாகக் கூப்பிட்டார்கள், 'அப்படியில்லையா' என்று. பிறகு வாத்தியாருக்கே அது வசதியாகப் போயிற்று. யாராவது தப்பாகச் சொன்னால், "என்ன, அப்படியில்லையாவோட சிஷ்யையா நீ?" என்று அவளைக் கைகாட்டுவாராம். அவள் கை தூக்குவதை நிறுத்தினாள். அதுவும் போகட்டும். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைப் பொறுக்கியபோது அவள் பெயர் இல்லை. அம்மா போய்க் கேட்டதற்கு அறிவியல் வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: பார்க்க வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், இவளை நிறுத்தினால் அவர்களுக்குப் படம் ஞாபகம் வந்துவிடும், கண்காட்சியே காமெடியாகிவிடும் என்று.

அன்றைக்கு மருந்துக்கடைக்காரி என் ஜன்னலைத் தாண்டிப் போனது ஞாபகம் இருக்கிறது. தினமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள் அன்றைக்குத் திரும்பியே பார்க்கவில்லை. படியில் செருப்புச் சத்தம்தான் பேசிற்று.

சாயந்திரம் மேலே பஞ்சாயத்து. படக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மனைவியை நாங்கள் சின்னவள் என்போம். கேமராவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். பலகையில் எழுதுவதும் அவள்தான். கெட்டிக்கார மகனைப் பெற்ற களை முகத்தில் எப்போதும் இருக்கும்.

மருந்துக்கடைக்காரி பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. படத்தை நிறுத்து என்று சொல்லவில்லை, பையனைத் தப்பாகச் சொல்ல வை என்றும் சொல்லவில்லை.

"ஒரே ஒரு படம், தம்பி. அதுல ஒரே ஒரு சரியான பதில் அவ வாயால வரட்டும். அதை அந்த வகுப்பு பார்க்கட்டும். அது போதும்."

அதற்குச் சின்னவள் சிரித்தாள். எனக்குக் கீழே வரை கேட்டது. "நடிப்புத்தானேக்கா. நடிப்பைப் போய் யாராவது மனசுல வெச்சுக்குவாங்களா?"

படக்காரர் நல்லவர் மாதிரிப் பேசுவதில் கைதேர்ந்தவர். பார்க்கிறவர்களுக்குப் பழகிப்போன பாத்திரம், திடீரென்று மாற்றினால் பிள்ளைகள் குழம்புவார்கள், ஆனாலும் அண்ணி கேட்டு நான் இல்லை என்பேனா, அடுத்த படத்தில் கண்டிப்பாக ஒரு பதில், என்று நீட்டி முழக்கிவிட்டுப் போனார். அப்பா வழக்கம்போல மீட்டரைப் பார்ப்பது மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அடுத்த படம் நிலாவைப் பற்றி. நிலா ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது. விடுமுறை நாளாகப் பார்த்து வைத்தார்கள். திரை ஒரு பக்கம் நழுவுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், அது வேறு. ஜன்னலோரம் திரையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்தின் ஒரு கோடியில் மூடி கழற்றிய மேஜை விளக்கு, அது சூரியன். நடுவில் பெண், அவள் பூமி. பையன் கையில் குச்சியில் செருகிய வெள்ளைப் பந்து, அது நிலா. பெண்ணின் முகத்தில் விளக்கு நேராக அடித்தது. அவள் நிழல் அவளுக்குப் பின்னால் சுவரில் பூதம் மாதிரி நின்றது.

எழுதியிருந்தது இதுதான். பெண் சொல்ல வேண்டும்: "நிலா தேய்ஞ்சு தேய்ஞ்சு சின்னதாயிடுதா மாமா?" பையன் சொல்ல வேண்டும்: "இல்லை. பூமியோட நிழல் நிலா மேல விழுது. அதனாலதான் நிலா தேயற மாதிரி தெரியுது." மாமா, "கெட்டிக்காரன்!" என்பார். படத்தின் கடைசியில், கடல் அலைகளைப் பற்றி ஏதோ ஒரு வரி பெண்ணுக்குச் சரியான பதிலாக ஒட்டியிருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம்.

ஒத்திகை நடந்தது. பையன் பலகையைப் பார்த்துப் படித்தான். பந்தை விளக்குக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றான். பெண் பந்தைப் பார்த்தாள். திரும்பித் தன் பின்னால் சுவரைப் பார்த்தாள். மறுபடியும் பந்தைப் பார்த்தாள்.

"சித்தப்பா, என் நிழல் பின்னாடி சுவத்துலதானே விழுது? பந்து முன்னாடி இருக்கே."

வரியைச் சொல்லும்மா என்றார் அவர்.

"இல்ல சித்தப்பா. மெல்லிசுப் பிறை தெரியும்ல, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போறப்ப. அது சூரியன் மறைஞ்ச பக்கமேதான் இருக்கும். பூமியோட நிழல் அதுக்கு எதிர்ப்பக்கம்ல போகும்? அது எப்படி வளைஞ்சு வந்து நிலா மேல விழும்? பந்துலயும் பாருங்க, விளக்குப் பக்கம் பாதி வெளிச்சமா இருக்கு. பந்து அங்க இருந்தா அதுல கொஞ்சம்தான் எனக்குத் தெரியுது. என்னைச் சுத்தி வந்தா நெறையத் தெரியும். அவ்வளவுதானே?"

எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் படக்காரர் முகம் மீதியைப் புரியவைத்தது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். யாரிடமோ தணிந்த குரலில் பேசினார். திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துப் புதுசாக மாட்டிக்கொண்டு வந்தார். பலகையை அழிக்கச் சொன்னார். சின்னவள் காதில் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

மருந்துக்கடைக்காரி அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு சரியான பதில் கேட்டாள். மகள் அதைத் தானாகவே கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

எழுதி முடித்த பலகை திரும்பிற்று. படித்தேன். பெண்: "பூமியோட நிழல் நிலா மேல விழுது, அதான் மாமா தேயுது." பையன்: "இல்லை. பூமியோட நிழல் எதிர்ப்பக்கம் விழும். நிலாவோட பாதியில எப்பவும் வெளிச்சம் இருக்கு. நம்ம பார்க்கிற இடத்தைப் பொறுத்து..."

அவர் பண்ணின தப்பைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அவள் கண்டுபிடித்ததை எடுத்துத் தன் பையன் வாயில் ஊட்டினார். அதுவும் அவள் எதிரிலேயே, அவள் வீட்டுக் கூடத்திலேயே.

"தம்பி, அது அவ சொன்னது" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"யார் சொன்னா என்ன அண்ணி? அறிவியல்ல இது என்னுது, இது உன்னுதுன்னு கிடையாது. உண்மை எல்லாருக்கும் பொது."

"அப்ப தப்பு மட்டும் ஏன் அவளுதா இருக்கு?"

படக்காரர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கடைசியில் அலை வரி இருக்கிறதே, அதைச் சரியாகத்தானே சொல்லப்போகிறாள் என்றார். நேரமாகிறது என்றார்.

பெண் போய் விளக்குக்கு முன்னால் நின்றாள். அம்மாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சரி, பணிந்துவிட்டாள் என்று நினைத்தேன். சின்னவள் கேமராவை ஓடவிட்டாள்.

"பூமியோட நிழல் நிலா மேல விழுது, அதான் மாமா தேயுது."

சுவர் சொன்ன மாதிரி இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. படக்காரர் இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவையும் சுவர்தான் பேசிற்று. சந்தேகமாப் பாரும்மா என்றார், கண்ணை விரி என்றார், அவரே விரித்துக் காட்டினார். நடிப்புத்தானேடி, உனக்கு இது புதுசா என்று சின்னவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து அதட்டினாள். பையனுக்குக் கை வலித்து நிலாவை மேஜையில் வைத்துவிட்டான்.

எத்தனையாவது தடவையோ, அப்போதுதான் அந்த முகம் வந்தது. சந்தேகம், அசடு, ஆச்சரியம், மூன்றும். படக்காரர் முன்னால் குனிந்தார். அவள் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"பூமியோட நிழல் நிலா மேல விழுதுன்னு எங்க சித்தப்பா இவ்வளவு நாளா நெனச்சிட்டிருந்தாரு." கண்ணை அகல விரித்து அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப அப்படி இல்லையா சித்தப்பா?"

கெட்டிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். முதல்முறையாக அவனுக்கு இரண்டாவது முகம் ஒன்று இருப்பது தெரிந்தது. நான் திரைக்குள் வாயைப் பொத்திக்கொண்டேன்.

படக்காரருக்கு வந்ததே கோபம். வீட்டுப் பெண்ணாயிற்றே என்று இடம் கொடுத்தால் தலைமேல் ஏறி உட்காருகிறாள், நாலு பள்ளிக்கூடத்துக்கு இவள் முகத்தைக் காட்டினது என் தப்பு, நன்றி என்பது இந்தக் குடும்பத்துக்கே கிடையாது என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. இவ்வளவு நேரமும் மூலையில் உட்கார்ந்திருந்த மீட்டர்காரர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். என் கையிலிருந்த திரையை வாங்கினார். மெதுவாகத்தான் வாங்கினார், ஆனால் இழுத்த இழுப்பில் ஆணி இரண்டும் கூடவே வந்துவிட்டது.

"வீட்டுல காத்தே இல்ல" என்றார். "ஜன்னல் திறந்திருக்கட்டும். இனிமே அடைக்க வேண்டாம்."

வெயில் அடித்ததில் சூரியன் வெறும் மேஜை விளக்காகிப்போயிற்று.

அதற்குப் பிறகு படக்காரர் தப்பான பதிலுக்கு வேறு பெண் தேடினார். இந்தத் தெருவில் பெண் பிள்ளைகளுக்கா பஞ்சம்? ஆனால் யாரும் கொடுக்கவில்லை. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. துணி அளவெடுக்க வந்தவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன், அவ்வளவுதான். எதிர் வீட்டம்மா, எங்கள் பெண்ணுக்குத் தப்பாகப் பேசவே வராதுங்க, பள்ளிக்கூடத்தில் அதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள் என்று வாசலிலேயே அனுப்பினாளாம். முடிவெட்டுக் கடைக்காரர், பெண்ணைத் தருகிறேன், சரியான பதில் உண்டா என்று கேட்டாராம். உண்டு, கடைசியில் ஒன்று, என்றாராம் இவர். அப்படியானால் கடைசியில் வாருங்கள் என்றாராம் அவர்.

வேறு வழியில்லாமல் ஒரு நாள் சொந்தப் பையனையே தப்பாகச் சொல்ல வைக்கலாமா என்று யோசித்தார். சரியான பதிலுக்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள் அல்லவா. இதைச் சின்னவளிடம் சொல்லிக்கொண்டே எங்கள் படியில் ஏறினார், அண்ணன் வீட்டில் விட்டுப்போன விளக்கை எடுக்க. சின்னவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள். என் பிள்ளை ஊர் முன்னால் முட்டாளாக நிற்கவேண்டுமா, நாளைக்கு அவனை வகுப்பில் என்ன பேர் வைத்துக் கூப்பிடுவார்கள், பெற்றவருக்கு மூளை இருக்கிறதா என்று அவள் போட்ட சத்தத்தில் என் மெஷினில் ஊசி நின்றது.

மேலே கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரி விளக்கைக் கொண்டுவந்து சின்னவள் கையில் கொடுத்தாள்.

"நடிப்புத்தானேம்மா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம்தான் அவருக்குப் பொம்மை யோசனை வந்தது. துணிப் பொம்மை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். கறுப்பு நூலில் முடி வேண்டும், கவுன் வேண்டும் என்றார். முடி எப்படி என்று கேட்டேன். ரெட்டைப் பின்னல் என்றார், கூச்சமே இல்லாமல். மெஷின் ரிப்பேர் என்றேன். ஓடிக்கொண்டிருக்கிறதே என்றார். ஓடும், தைக்காது என்றேன். வேறு எங்கேயோ போய்ப் பின்னிக்கொண்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். அந்தத் தப்பான பதிலைச் சொல்லத் தெருத்தெருவாக ஆள் தேடினார், கடைசியில் பஞ்சும் துணியும் வரை போனார். அதை உண்மையாகவே நம்பின ஒரு ஆளை அவர் தினமும் கண்ணாடியில் பார்த்து முடி சீவுகிறாரே. 'நான் தப்பா நெனச்சிட்டிருந்தேன், பிள்ளைங்களா' என்று வெள்ளைக் கோட்டோடு ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. அது மட்டும் தோன்றவில்லை. அறிவியல் மாமாவுக்குத் தப்பே வராதாம்.

படம் வெளியானது. அவள் வகுப்பிலும் போட்டார்கள். அங்கே நடந்ததை மூன்று பிள்ளைகள் எனக்கு மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

பொம்மை, சின்னவள் கீச்சாக்கிக் கொடுத்த குரலில், பூமியோட நிழல் விழுது மாமா என்றது. வகுப்பு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. கெட்டிக்காரன் அவளுடைய பதிலைப் படித்தான். மாமா முதுகில் தட்டினார். பொம்மையை முந்திக்கொண்டு வகுப்பே பாட்டு மாதிரிக் கத்தியது, "அப்ப அப்படி இல்லையா மாமா?" வாத்தியாரும் சிரித்துவிட்டு, என்னம்மா, உன் வேலைக்குப் பொம்மையைப் போட்டுட்டாங்களா என்றார்.

அவள் எழுந்து நின்றாள்.

"சார், அந்தப் பையன் சொல்ற பதிலு என்னுது. பொம்மை சொல்ற தப்பு எங்க சித்தப்பாவுது. ஒரு விளக்கும் பந்தும் குடுங்க, காட்டறேன்."

உட்கார் என்றார் வாத்தியார். அவள் உட்காரவில்லை. அதட்டினார், உட்காரவில்லை. அப்படியானால் நின்றுகொண்டே இரு என்றார், அது தண்டனை என்று நினைத்து. மணி அடித்து, அடுத்த வகுப்பு வாத்தியார் வந்து, அவள் ஏன் நிற்கிறாள் என்று கேட்டு, மற்ற பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சொல்லி, அப்போதும் நின்றுகொண்டிருந்தாளாம். விளக்கும் வரவில்லை, பந்தும் வரவில்லை.

அன்று சாயந்திரம் அவள் படியேற வந்தாள். கால் வலித்திருக்க வேண்டும், தாங்கித் தாங்கி நடந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. விஷயமும் முழுசாக வேண்டியிருந்தது.

"என்னடி அப்படியில்லையா, வகுப்புல ஏதோ ரகளையாமே?"

அவள் என் ஜன்னல் எதிரில் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தில் சந்தேகம் இல்லை, அசடு இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"என் பேரு உங்களுக்குத் தெரியும்ல அத்தை?"

தெரியும் என்றேன்.

"சொல்லுங்க."

மெஷினை ஓட்டப் பார்த்தேன். அவள் நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. காலை எடுத்துவிட்டு, அவள் அம்மா கூப்பிடுகிற மாதிரி, முழுசாக, தெளிவாகச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம்தான் கம்பியை விட்டாள்.